பாக்கெட்டில் வந்த பாக்டீரியா வயலில் என்ன செய்தது?

உளுந்துக்கு ரைசோபியம் என்ற பாக்டீரியாவைக் கலந்து விதைத்தீர்கள். அடுத்து வந்த மக்காச்சோளத்துக்கு அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற வேறு இரண்டு பாக்டீரியா வகைகளைக் கொடுத்தீர்கள். எதுவுமே போடாத பக்கத்து வயலும் உங்கள் வயலும் ஒரே மாதிரிதான் விளைந்தன. ‘வேருக்கு உதவும் பாக்டீரியா என்று சொல்வதெல்லாம் உண்மையா, இல்லை வெறும் வியாபாரமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. வேரோடு சேர்ந்து வாழ்ந்து பயிருக்கு உதவும் பாக்டீரியா உண்டா என்பது ஒன்று. உண்டு, அதில் சந்தேகமே வேண்டாம். நான் வாங்கிப் போட்ட பாக்டீரியா என் வயலில் ஏதாவது செய்ததா என்பது இன்னொன்று. அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. பயிரைப் பொறுத்தும் மண்ணைப் பொறுத்தும் அந்தப் பாக்கெட்டைப் பொறுத்தும் அது மாறும். நீங்கள் கேட்பது இந்த இரண்டாவதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் மண் நுண்ணுயிரியல் படித்தவன். சில வருடங்கள் ஆய்வகத்தில் உட்கார்ந்து, இப்படிப்பட்ட பாக்டீரியாவை அடைத்து விற்கும் உயிர் உரப் பாக்கெட்டுகளில் எத்தனை உயிர் மிச்சம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அப்புறம் பல வருடங்கள் வயலில் செடிகளைத் தோண்டிப் பார்ப்பதுதான் வேலை. பயிர் நோய் என் துறை இல்லை. அதனால் அந்த இடம் வரும்போது கொஞ்சம் அடக்கியே பேசுகிறேன்.

முதலில் வேரைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். செடி இலையில் தயாரிக்கும் உணவில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வேர் வழியாக மண்ணுக்குள் போய்விடுகிறது. சர்க்கரை, அமினோ அமிலம், கரிம அமிலம், உதிர்ந்த வேர் செல்கள் என்று பல வடிவத்தில் அது கசிகிறது. மண்ணில் வாழும் பாக்டீரியாவுக்கு ஆண்டின் பெரும்பகுதி பட்டினிதான். எனவே வேரை ஒட்டிய சில மில்லிமீட்டர் மண்ணில் மட்டும் பந்திக்கு முந்துகிற கூட்டம். 1904இல் லோரன்ஸ் ஹில்ட்னர் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்த இடத்துக்கு ‘ரைசோஸ்பியர்’ என்று பெயர் வைத்தார். நாம் வேர் மண்டலம் என்கிறோம். அங்கே கூடுகிறவற்றில் பயிருக்கு உதவுபவையும் இருக்கும், நோய் தருபவையும் இருக்கும், சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருப்பவையும் இருக்கும். ‘நன்மை செய்யும் பாக்டீரியா’ என்ற பெயர் நாம் கொடுத்தது. அந்த பாக்டீரியா தன் வயிற்றுப்பாட்டைத்தான் பார்க்கிறது. அதன் பிழைப்பும் பயிரின் வளர்ச்சியும் எங்கே ஒத்துப்போகின்றனவோ அங்கே நமக்கு லாபம்.

அப்படி மிக நெருக்கமாக ஒத்துப்போகும் இடம் பயறு வகைகளின் வேர் முடிச்சு. இந்தத் துறையில் நான் கண்ணை மூடிக்கொண்டு உறுதி சொல்வது இதைப் பற்றி மட்டும்தான். பயறு விளைந்த நிலம் அடுத்த பயிருக்கு நல்லது என்று உழவர்களுக்கு இரண்டாயிரம் வருடங்களுக்கு மேலாகத் தெரியும். ஏன் என்பது 1880களில்தான் தெளிவானது. ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் சத்தே இல்லாத மணலில் பட்டாணியை வளர்த்தார்கள். கொஞ்சம் வயல் மண்ணைக் கரைத்த நீரை ஊற்றியபோது வேரில் முடிச்சு வந்தது, செடி தழைத்தது. அதே நீரைக் கொதிக்க வைத்து ஊற்றியபோது ஒன்றும் நடக்கவில்லை. வேலை செய்தது உயிருள்ள ஏதோ ஒன்று என்பதற்கு அதைவிட எளிமையான சாட்சி வேண்டியதில்லை. 1888இல் நெதர்லாந்தின் பையரிங்க், இன்று ரைசோபியம் என்று சொல்லும் அந்த பாக்டீரியாவை முடிச்சிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்தார். 1896இல் நோபே என்பவரோடு சேர்ந்து அதை உழவர்களுக்கு விற்கும் பொருளாக்கிக் காப்புரிமை வாங்கியவர் யார் தெரியுமா? மேலே சொன்ன அதே ஹில்ட்னர்தான். ஆகவே ‘பாக்டீரியா வியாபாரம்’ நேற்று வந்தது இல்லை, அதற்கு நூற்று முப்பது வயது ஆகப்போகிறது.

முடிச்சு உருவாகும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் உளுந்துக்கான விடை அதற்குள்தான் இருக்கிறது. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைவதை உணரும் பயறுச் செடி, வேர் வழியாக ஃப்ளேவனாய்டு என்ற வகைச் சேர்மங்களை வெளியே விடுகிறது. தனக்குரிய சேர்மத்தை அடையாளம் கண்டுகொள்ளும் ரைசோபியம், பதிலுக்கு ஒரு சமிக்ஞை மூலக்கூறைத் தயாரித்து அனுப்புகிறது. அது சரியான மூலக்கூறாக இருந்தால் வேர்த்தூவி வளைந்து பாக்டீரியாவைச் சுற்றிக்கொள்ளும், உள்ளே ஒரு மெல்லிய குழாய் போட்டுக் கொடுக்கும், வேரின் செல்கள் பெருகி முடிச்சாகும். பூட்டும் சாவியும் போலத்தான். சாவி மாறினால் கதவு திறக்காது. கொண்டைக்கடலைக்கு ஏற்ற பாக்டீரியா சோயாவில் முடிச்சுப் போடாது, சோயாவுக்கு ஏற்றது பட்டாணியில் போடாது. ‘எல்லாப் பயறுக்கும் ஒரே ரைசோபியம்’ என்று எழுதியிருக்கும் பாக்கெட்டைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். ஆனால் உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, நிலக்கடலை ஆகியவை பிராடிரைசோபியம் என்ற பெரிய கூட்டத்தில் பலரோடும் ஒத்துப்போகும் தாராளமான பயிர்கள். அந்தக் கூட்டம் வெப்பமான நாடுகளின் மண்ணில் ஏராளமாக ஏற்கெனவே குடியிருக்கிறது.

முடிச்சுக்குள் நடப்பதும் லேசான காரியம் இல்லை. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான், ஆனால் இரண்டு அணுக்கள் மும்மடிப் பிணைப்பால் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. யூரியாத் தொழிற்சாலையின் முதல் படியில் அதை உடைக்க 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் நூறு மடங்குக்கு மேற்பட்ட காற்றழுத்தமும் வேண்டும். பாக்டீரியா அதைச் சாதாரண மண் வெப்பத்தில் நைட்ரஜனேஸ் என்ற நொதியை வைத்து முடிக்கிறது. கூலி அதிகம்: ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்குக் குறைந்தது 16 ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) செலவு. அந்த ஆற்றலைச் செடிதான் சர்க்கரையாகக் கொடுக்கிறது. இதில் இன்னொரு சிக்கல். அந்த நொதிக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது, கெட்டுப்போகும். ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இரண்டையும் சமாளிக்கச் செடி முடிச்சுக்குள் லெக்ஹீமோகுளோபின் என்ற நிறமியை உண்டாக்கி ஆக்சிஜனை அளந்து கொடுக்கிறது. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு அது உறவு. வேலை செய்யும் முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே ரத்தச் சிவப்பாகவோ ரோஜா நிறமாகவோ இருப்பது இதனால்தான். நான் ஆய்வகத்தில் கற்ற சோதனைகளில் வயலுக்கு அப்படியே எடுத்துக்கொண்டு போக முடிந்தது இந்த நகச் சோதனை ஒன்றுதான்.

செடி இவ்வளவு கூலி கொடுப்பதால், தேவை இல்லாதபோது ஆளை வேலைக்கு வைக்காது. மண்ணில் நைட்ரேட் தாராளமாக இருந்தால் முடிச்சு குறையும், இருக்கும் முடிச்சும் சோம்பலாகும். ரைசோபியமும் கலந்து, விதைத்த கையோடு யூரியாவும் அள்ளிப் போட்டால் ஒன்று மற்றொன்றை வீணாக்குகிறது. நீங்கள் உளுந்துக்கு எவ்வளவு தழைச்சத்து போட்டீர்கள் என்று எழுதவில்லை. அதை முதலில் பாருங்கள்.

அடுத்தது, ஏற்கெனவே மண்ணில் இருப்பவை. ஹவாயில் பல பயறு வகைகளை வைத்து நடத்தி 1991இல் வெளியிட்ட வயல் சோதனைகள் இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுபவை. பொருத்தமான ரைசோபியம் ஒரு கிராம் மண்ணில் ஐம்பது போலச் சொற்பமாக ஏற்கெனவே இருந்தாலே, வெளியிலிருந்து போடுவது விளைச்சலைக் கூட்டவில்லை என்று அவை காட்டின. உளுந்தோ பாசிப்பயறோ பலமுறை விளைந்த வயலில் அதைவிட எத்தனையோ மடங்கு இருக்கும். அவை அந்த மண்ணின் வெயிலுக்கும் வறட்சிக்கும் பழகியவை. பாக்கெட்டிலிருந்து வரும் புதியவர், திறமை கூடினவராகவே இருந்தாலும், பழைய குடிகளைத் தாண்டி வேர்த்தூவியைப் பிடிப்பது கஷ்டம். ஆகவே உங்கள் உளுந்தில் வித்தியாசம் தெரியாததற்கு மிகச் சாத்தியமான காரணம், உங்கள் வயலிலும் பக்கத்து வயலிலும் பாக்டீரியா ஏற்கெனவே முழு வேலை செய்துகொண்டிருந்தது என்பதுதான். கெட்ட செய்தியாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதன் மறுபக்கம் பிரேசிலின் சோயா. சோயா கிழக்காசியப் பயிர். பிரேசில் மண்ணில் அதற்கேற்ற பாக்டீரியா இயல்பாகக் கிடையாது. அங்கே தகுந்த பிராடிரைசோபியம் இனங்களைத் தேர்ந்தெடுத்து விதையோடு கொடுத்தார்கள். தழைச்சத்து உரத்தை நம்பாமல் பாக்டீரியாவை நம்பியே சோயா ரகங்களைத் தேர்வு செய்யவேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் முக்கியமானவர் ஜோஹானா டோபரைனர் என்ற பிரேசில் அறிஞர். இன்று அந்த நாட்டின் சோயா பெரும்பாலும் தழைச்சத்து உரமே இல்லாமல் விளைகிறது. ஆகவே ஒரு பயறு உங்கள் நிலத்துக்குப் புதுசு என்றால், அல்லது மண் ரொம்ப அமிலமாகவோ நீண்ட நாள் தரிசாகவோ கிடந்தது என்றால், அல்லது நெல் வயல்போல மாதக்கணக்கில் தண்ணீர் தேங்கியிருந்தது என்றால், ரைசோபியம் கலப்பதை நான் தயங்காமல் சொல்வேன்.

இங்கே ஒரு சின்ன விலகல். ‘பயறு போட்டால் மண்ணில் தழைச்சத்து ஏறிவிடும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. சோயாவை எடுத்துக்கொண்டால், தனக்கு வேண்டிய நைட்ரஜனில் சராசரியாகப் பாதியோ அதைவிடச் சற்றுக் கூடவோதான் காற்றிலிருந்து பெறுகிறது, மிச்சம் மண்ணிலிருந்து. எடுத்ததில் பெரும்பகுதி மணிக்குள் போய் மூட்டையில் ஏறிவிடுகிறது. செடியையும் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிட்டால் மண்ணுக்கு மிஞ்சுவது சொற்பம், சில சமயம் கணக்கு நஷ்டத்திலேயே முடியும். பூக்கும் பருவத்தில் மடக்கி உழும் பசுந்தாள் பயிரின் கதை வேறு, அது முழுசாக மண்ணுக்கே போகிறது.

சரி, மக்காச்சோளத்துக்கு வருவோம். இங்கிருந்து உறுதி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அசோஸ்பைரில்லம் புல் வகைப் பயிர்களின் வேரிலும் வேர் மேலும் வாழும் பாக்டீரியா. காற்று நைட்ரஜனைப் பிடிக்கும் திறன் அதற்கு உண்டு, ஆய்வகத்தில் யார் வேண்டுமானாலும் காட்டலாம். 1970களில் அதே டோபரைனரின் குழு இதை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தபோது, தானியப் பயிர்களுக்கும் இனி யூரியா வேண்டாம் என்ற அளவுக்கு நம்பிக்கை பறந்தது. அந்த நம்பிக்கை அப்படியே நிறைவேறவில்லை. காரணம் எளிது: இங்கே முடிச்சு கிடையாது. செடி வீடு கட்டிக் கொடுத்து, சர்க்கரை ஊட்டி, ஆக்சிஜனை அளந்து கொடுக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. பாக்டீரியா வாசலில் குடியிருக்கிறது, அவ்வளவுதான். தான் பிடித்த நைட்ரஜனைப் பெரும்பாலும் தன் உடம்புக்கே வைத்துக்கொள்ளும், செத்து மட்கிய பிறகே மற்றவருக்குக் கிடைக்கும்.

அப்படியானால் அசோஸ்பைரில்லத்தால் பயனே இல்லையா? இருக்கிறது, ஆனால் நாம் நினைத்த வழியில் இல்லை. அது இண்டோல் அசிட்டிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சுரக்கிறது. அதனால் பக்க வேர்களும் வேர்த்தூவிகளும் அதிகமாகின்றன. இளம் செடி கூடுதல் மண்ணைத் துழாவி, இருக்கிற நீரையும் உரத்தையும் நன்றாக எடுத்துக்கொள்கிறது. இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் இந்த விளக்கத்தைத்தான் முன்னால் வைக்கிறார்கள். உலகெங்கும் இருபது ஆண்டுகள் நடந்த அசோஸ்பைரில்லம் வயல் சோதனைகளைத் தொகுத்து 1994இல் வந்த ஒரு மதிப்பீடு, 60 முதல் 70 சதவீதச் சோதனைகளில் பலன் இருந்தது என்றும், கூடிய விளைச்சல் 5 முதல் 30 சதவீதம் வரை என்றும் சொல்கிறது. இதைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். பலன் வந்த சோதனையை எழுதி அனுப்ப எல்லாருக்கும் ஆசை இருக்கும், வராத சோதனை மேசை இழுப்பறையிலேயே தூங்கிவிடும். நானே அப்படித் தூங்கவைத்திருக்கிறேன். ஆகவே உண்மையான வெற்றி விகிதம் அதற்குக் கீழே என்பது என் கணிப்பு. முழு உரமும் தண்ணீரும் தவறாமல் கிடைக்கும் பயிரில் இதன் பலன் பெரும்பாலும் கண்ணில் படாது. நடுத்தர உரத்தில், அவ்வப்போது வறட்சி தட்டும் நிலத்தில் தெரிய வாய்ப்பு அதிகம்.

பாஸ்போபாக்டீரியா இன்னும் வழுக்கலான இடம். பெரும்பாலான மண்ணில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், நிறையவே கிடக்கிறது. சுண்ணாம்பு மண்ணில் கால்சியத்தோடும், அமில மண்ணில் இரும்பு, அலுமினியத்தோடும் பிணைந்து வேருக்கு எட்டாமல் கிடக்கிறது. சில பாக்டீரியா குளுக்கோனிக் அமிலம் போன்றவற்றைச் சுரந்து அதைக் கரைக்கும். 1948இல் பிகோவ்ஸ்காயா உருவாக்கிய வளர்ப்பு ஊடகத்தில் இவற்றை விட்டால், வெள்ளையான கால்சியம் பாஸ்பேட்டைக் கரைத்துத் தங்களைச் சுற்றித் தெளிவான ஒரு வளையம் போடும். பார்க்க அவ்வளவு அழகு! நாங்கள் மாணவர்களாக இருந்தபோது அந்த வளையத்தைப் பார்த்துத்தான் நல்ல பாக்டீரியாவைப் பொறுக்குவோம். ஆனால் அந்தத் தட்டில் குளுக்கோஸைக் கொட்டி வைத்திருக்கிறோம், போட்டிக்கு வேறு உயிர் கிடையாது, அமிலத்தை எதிர்க்க மண்ணும் கிடையாது. வயலில் மூன்றும் தலைகீழ். சுண்ணாம்பு மண் ஒரு துளி அமிலத்தை நொடியில் விழுங்கிவிடும். கரைந்த பாஸ்பேட்டையும் மறுபடி பிடித்துக்கொள்ளும். சோவியத் ஒன்றியத்தில் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பேசில்லஸ் என்ற பாக்டீரியா வகை ஒன்றை ‘பாஸ்போபாக்டரின்’ என்ற பெயரில் பெரிய அளவில் பயன்படுத்தினார்கள், நல்ல பலன் என்று அறிவித்தார்கள். மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் சீராக வரவில்லை. எங்காவது விளைச்சல் கூடினால்கூட அது மணிச்சத்தைக் கரைத்ததாலா, வேர் வளர்ச்சியைத் தூண்டியதாலா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். மணிச்சத்து உரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் இதை நம்பி உடனே குறைக்காதீர்கள், மண் பரிசோதனையை நம்பிக் குறையுங்கள். பல வருடம் டிஏபி என்ற மணிச்சத்து உரம் போட்ட வயலில் தேவைக்கு மேலே சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

நீங்கள் கேட்காத இன்னொரு வகையையும் சொல்லிவிடுகிறேன், சூடோமோனாஸும் பேசில்லஸ் சப்டிலிஸும். இவை சத்து தருவதைவிட நோயைத் தடுப்பதால் பேர் வாங்கியவை. கோதுமையின் வேரை அழுகவைக்கும் ‘டேக் ஆல்’ என்ற பூஞ்சாண நோய் ஒன்று உண்டு. ஒரே நிலத்தில் தொடர்ந்து கோதுமை போட்டால் முதலில் நோய் ஏறும், சில ஆண்டுகள் கழித்து தானாகவே இறங்கிவிடும். அந்த மண்ணைச் சூடாக்கினால் காக்கும் தன்மை போய்விடும். அதில் ஒரு கைப்பிடியை வேறு மண்ணில் கலந்தால் அங்கேயும் தொற்றிக்கொள்ளும். தேடிப் போனபோது அந்த வேர்களில் ஒருவகை நுண்ணுயிர்க்கொல்லியைச் சுரக்கும் சூடோமோனாஸ் பெருகியிருந்தது. இரும்பைப் பிடித்து இழுத்து மற்றவற்றைப் பட்டினி போடுவது, செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியை முன்கூட்டியே உசுப்பி வைப்பது என்று இவற்றுக்கு வேறு வழிகளும் உண்டு. செயல்படும் முறைகள் நன்றாக நிறுவப்பட்டவை. ஒரு குறிப்பிட்ட வயலில், ஒரு குறிப்பிட்ட நோய்க்கு எவ்வளவு தாங்கும் என்பதைப் பயிர் நோய் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

இப்போது அந்தப் பாக்கெட்டுக்கு வருகிறேன். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நல்ல பாக்கெட்டில் கிராமுக்கு 10 கோடி பாக்டீரியா இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 200 கிராமில் 2,000 கோடி. கேட்கப் பெரிய எண்தான். ஒரு ஹெக்டேரின் மேல் 15 சென்டிமீட்டர் மண் சுமார் 2,000 டன் எடை, அதில் கிராமுக்கு 100 கோடி வரை பாக்டீரியா உண்டு. வகுத்துப் பார்த்தால், நீங்கள் போட்ட ஒன்றுக்கு எதிரே ஏற்கெனவே இருப்பவை 10 கோடி! வயல் முழுக்கத் தூவிவிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுதான் காரணம். அதே பாக்கெட்டை விதை மேல் பூசினால், முளைத்து வரும் முதல் வேரைச் சுற்றி அந்த ஒரு இடத்தில் மட்டும் அவை பெரும்பான்மை. சில நாட்களுக்காவது முந்திக்கொள்ளலாம். நாற்று விட்டு நடும் பயிரென்றால் வேரை நனைத்து நடுவதும் அதே காரணத்துக்காகத்தான்.

இந்தக் கூட்ட நெரிசலை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் பெரிய சோதனையில் தொட்டி மண்ணை ஆவியில் வேகவைத்து, அதில் பாக்டீரியா கலந்து மக்காச்சோளம் வளர்த்தேன். வேர் இரண்டு மடங்கு. கையில் பிடித்துக்கொண்டு படம் எடுக்காத குறை. அடுத்த பருவம் அதே பாக்டீரியாவை வயலில் போட்டேன். போட்ட பாத்தி எது, போடாத பாத்தி எது என்று குச்சியில் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. காலி ஊரில் குடியேறியவனுக்குக் கிடைத்த வசதி, சந்தைக் கூட்டத்தில் நுழைந்தவனுக்குக் கிடைக்கவில்லை.

பாக்கெட்டில் உயிர் இருக்கிறதா என்பதே தனிக் கேள்வி. உரமூட்டையை வெயிலில் போட்டாலும் யூரியா யூரியாவாகத்தான் இருக்கும். ரைசோபியமும் அசோஸ்பைரில்லமும் வித்துறை (ஸ்போர் என்ற கடினமான உறக்க வடிவம்) உண்டாக்காதவை, 40 டிகிரிக்கு மேலே போனால் வேகமாகச் சாகும், நேரடி வெயிலும் ஆகாது. பேசில்லஸ் மட்டும் வித்துறைக்குள் பதுங்கிப் பல மாதம் தாங்கும். எண்ணிக்கை வேலை பார்த்த காலத்தில், காலாவதித் தேதிக்கு வெகு முன்பே சொன்ன பாக்டீரியா ஒன்றுகூட இல்லாமல் வேறு ஏதேதோ முளைத்த பாக்கெட்டுகளைப் பார்த்திருக்கிறேன். தயாரித்தவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஒருமுறை நானே ஒரு பெட்டியை வண்டியில் வெயிலில் மறந்து வைத்துவிட்டு, மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல வயலில் கொடுத்தேன். பிறகு மிச்சத்தை எண்ணியபோதுதான் பாக்டீரியாவைத் தாங்குவதற்காகப் பாக்கெட்டில் சேர்த்த வெறும் கரித்தூளைக் கொடுத்திருக்கிறேன் என்று தெரிந்தது.

பயன்படுத்துவதில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாங்கினால் தேதி பார்த்து வாங்குங்கள், நிழலில் குளிர்ச்சியாக வையுங்கள். பூஞ்சாணக்கொல்லி கலப்பதென்றால் அதை முதலில் கலந்து உலர்த்துங்கள். பாக்டீரியாவை விதைக்கும் அன்று கடைசியாகக் கலக்குங்கள், நிழலில் உலர்த்தி அன்றே ஈரமண்ணில் விதைத்துவிடுங்கள். கேப்டான், திராம் போன்ற பூஞ்சாணக்கொல்லி பூசிய விதையில் ரைசோபியம் வேகமாகச் சாகக்கூடும். அந்த மாதிரி விதையென்றால் பாக்டீரியாவை விதை மேல் பூசாமல் மட்கிய எருவில் கலந்து சாலில் இடுவது மேல். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கரைக்காதீர்கள். மண்ணில் மணிச்சத்தும் மாலிப்டினமும் குறைந்தால் முடிச்சு வந்தும் வேலை செய்யாது. நைட்ரஜனேஸின் நடுவிலேயே இரும்பும் மாலிப்டினமும் இருக்கின்றன.

பக்கத்து வயலோடு ஒப்பிட்டதில் ஒரு பிசகு இருக்கிறது. ரகம், விதைத்த நாள், போன வருடம் போட்ட எரு, நீர் பாய்ந்த விதம் எதுவும் ஒன்றாக இருக்காது. பாக்டீரியா தரக்கூடிய 5 அல்லது 10 சதவீதம் இந்த வித்தியாசங்களுக்குள் மூழ்கிவிடும், கண்ணால் பார்த்தால் தெரியாது. ஆகவே உங்கள் வயலுக்குள்ளேயே செய்யுங்கள். ஒரு பட்டைக்குக் கலந்த விதை, அடுத்த பட்டைக்குக் கலக்காத விதை என்று மாற்றி மாற்றி நான்கு ஜோடியாவது விடுங்கள். கலக்காத விதையை முதலில் விதையுங்கள், கையில் ஒட்டியது தொற்றிக்கொள்ளாமல் இருக்கும். அறுவடையில் பட்டை பட்டையாக எடை போடுங்கள். நான்கு ஜோடியிலும் ஒரே பக்கம் கூடினால் நம்பலாம், இரண்டில் கூடி இரண்டில் குறைந்தால் அது மண்ணின் விளையாட்டு. இன்னும் கறாராகச் செய்ய ஆசையென்றால், பாக்கெட்டில் பாதியை நன்றாக ஆவியில் வேகவைத்து ஆறவிட்டு, கலக்காத விதைக்கு அதைப் பூசுங்கள். பாக்டீரியாவைத் தாங்கும் கரித்தூளாலும் ஒட்டுவதற்குச் சேர்த்த சர்க்கரையாலும் வரும் பலனைக் கழித்துவிடலாம். வித்துறை உள்ள பேசில்லஸுக்கு மட்டும் இந்த வழி பலிக்காது, அது வேகவைத்தாலும் பிழைத்துவிடும்.

அடுத்த உளுந்துக்கு ரைசோபியம் வாங்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். அதற்கு முன்னால் எந்த வயலிலாவது நிற்கிற உளுந்தில், விதைத்து 35 முதல் 40 நாளில், நான்கைந்து இடத்தில் செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே தங்கிவிடும். வேரைத் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். பக்கவாட்டில் ஒட்டினதுபோல இருந்து, விரலால் தள்ளினால் உதிர்ந்தால் அது முடிச்சு. வேரே வீங்கி, உதிராமல் இருந்தால் அது நூற்புழு, அதற்கு வேறு வைத்தியம். முடிச்சுகளைக் கிள்ளிப் பாருங்கள். ஆணிவேரின் மேல்பகுதியில் பெரிய முடிச்சுகள் இருந்து உள்ளே சிவப்பாக இருந்தால் வாங்க வேண்டாம். முடிச்சே இல்லை, அல்லது குட்டிக் குட்டியாக வெள்ளையாகவோ பச்சையாகவோ இருக்கிறது என்றால் வாங்கி விதையில் கலந்து, யூரியாவை நிறுத்திப் பாருங்கள். காய் முற்றும் நேரத்தில் போய்ப் பார்க்காதீர்கள், அப்போது நல்ல முடிச்சும் பழுத்துப் பழுப்பாகியிருக்கும். மக்காச்சோளத்துக்கு அசோஸ்பைரில்லத்தை மேலே சொன்ன பட்டைகளில் மட்டும் ஒரு பருவம் போட்டு எடை பாருங்கள். பாஸ்போபாக்டீரியாவை மண் பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை விட்டுவிடலாம். கிள்ளிப் பார்த்த முடிச்சின் நிறத்தையும் போட்ட யூரியாவின் அளவையும் எழுதினால், மேற்கொண்டு சொல்கிறேன்.